வெள்ளிக்கிழமை நேரடி, ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பு

“13.03.2015, வெள்ளி. தவக்காலம். கொழும்பு. பாட்டுப் போட்டி, நேரடி ஒளிபரப்பு. தொடக்கம் முதல் முடிவு வரை. விளம்பரங்கள் வெட்டப்படவில்லை.”

ஒரு டிவிடி உறையின் மேல் நான் எழுதிவைத்த குறிப்பு இது. அலுமாரியில் இதைப் போன்ற உறைகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் திகதி, கிழமை, எங்கிருந்து ஒளிபரப்பானது, நேரடியா மறுஒளிபரப்பா என்ற விபரம் இருக்கும். மற்றவற்றை எடுத்துத் தூசு தட்டி வைக்கும்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை. இதை எடுத்தால் மட்டும் கோபம் வருகிறது. காலம் போகக் கோபம் ஆறிவிடும் என்று பலர் சொன்னார்கள். ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதி வைக்கிறேன்.

நான் பொது நூலகமொன்றில் வேலை செய்தவள். என் கணவர் மின்வேலை செய்பவர். கனடாவுக்குப் போன தங்கை விட்டுப்போன கணினி ஒன்று எங்களிடம் இருந்தது. என் கணவர் கொழும்பிலிருந்து ஒரு ரீவி கார்ட் வாங்கிவந்து அதற்குள் பொருத்தினார். அன்ரெனாவிலிருந்து வரும் வயரை அந்தக் கார்டில் செருகினால் கணினித் திரையில் தொலைக்காட்சி தெரியும். தெரிவதைப் பதியலாம். பதிந்ததை டிவிடியில் எழுதலாம். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குச் ‘சீடி அடிக்கிறது’ என்று பெயர். டிவிடியும் சீடிதான். ஊரில் யாருக்காவது தொலைக்காட்சியில் வருகிற ஒன்று வேண்டுமென்றால், மடுத் திருவிழாவோ, கிரிக்கெட்டோ, நாடகத்தின் கடைசிக் கிழமையோ, எங்கள் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். நான் எதை அடித்தாலும் இரண்டு அடிப்பேன். ஒன்று கேட்டவருக்கு, ஒன்று என் அலுமாரிக்கு.

இந்தியா எங்கள் மன்னார்க் கரைக்குக் கூப்பிடாமலே வரும். இராமேஸ்வரத்து ஒளிபரப்புக் கோபுரம் அவ்வளவு கிட்ட. கொழும்பு வரவேண்டுமென்றால்தான் கூரையில் ஒருவர் ஏறி அன்ரெனாவைத் தெற்கே திருப்பவேண்டும், கீழே இன்னொருவர் திரையைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

“வந்திட்டுதோ?” என்று மேலிருந்து கேட்பார் என் கணவர்.

“ஆள் வருது. முகம் இல்லை.”

“முகம் பாக்கவேணுமெண்டால் கொழும்புக்குத்தான் போகவேணும். இவ்வளவுதான் இஞ்ச வரும்.”

மார்ச் மாதத்தின் இரண்டாவது கிழமையில் ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். மூன்றாம் வீட்டுக்காரர். கடலுக்குப் போகிறவர். அவருடைய மனைவி கருவாடு காயவைத்து விற்பவர். மூத்த மகள் அப்போது உயர்தரத்தின் கடைசி வருடம். கோயிலில் பாடற்குழுவுக்கு முன்னால் நிற்பவள். கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று நடத்திய பாட்டுப் போட்டிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றைப் பாடப்போகிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கிழமையாகக் கிணற்றடியில் அதையேதான் பாடிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை ரீவியில வாறா. நேரடியாம். ஆனா ஊரில ஒருத்தரும் பாக்கமாட்டினம்” என்றார்.

“ஏன் தம்பி?”

“சிலுவைப்பாதை எல்லோ. இந்த வெள்ளி எங்கட வட்டாரத்தின்ர முறை வேற. நான்தான் சிலுவை தூக்கிறன். தாய்க்காரி பிள்ளையோட கொழும்புக்குப் போறா. நீங்கள்தான் ஒரு சீடி அடிச்சுத் தரவேணும். விளம்பரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு.”

“விளம்பரம் வெட்டமாட்டன்.”

“உங்களுக்கு என்னத்துக்கக்கா பவுடர் விளம்பரம்?”

உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். “நூறு வருசத்துக்குப் பிறகு ஆரோ வந்து பவுடர் என்ன விலை எண்டு கேப்பினமாம். அதுக்கு இவ பதில் வைச்சிருக்கவேணுமாம்.”

அவர் கேலி செய்தாலும் காரணம் அதுதான். பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்தவளுக்குத் தெரியும், செய்தியில் பொய் இருக்கலாம், ஆனால் அதே பக்கத்தின் மூலையிலுள்ள சினிமா விளம்பரமும் மரண அறிவித்தலும் திகதியை மறைக்கமாட்டா. ஒரு நிகழ்ச்சியின் இடையில் வருகிற விளம்பரமும், திரையின் அடியில் ஓடுகிற செய்தி வரியும் அது எந்த நாள், எந்த நேரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை வெட்டினால் மிஞ்சுவது எப்போது நடந்தது என்றே தெரியாத ஒன்று. அதனால் நான் எதையும் வெட்டுவதில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் பின்னேரம் வீடுகளுக்குள் ஆள் இருக்காது. கடலுக்கும் யாரும் போகமாட்டார்கள். கணினியில் நேரத்தைக் குறித்துவிட்டு, மின்சாரம் நின்றால் தாங்குகிற பற்றரிப் பெட்டியையும் சரிபார்த்துவிட்டு, நானும் கணவரும் சிலுவைப்பாதைக்குப் போனோம். மூன்றாம் வீட்டுக்காரர் வெறுங்காலோடு மணல் ஒழுங்கைகளில் சிலுவையைச் சுமந்து நடந்தார். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிடும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கணினி நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்கிற பார்வை. நானும் தலையாட்டினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தோம். பதிவு முழுதாக இருந்தது. படத்தில் கொஞ்சம் புள்ளி இருந்தாலும் குரல் துப்புரவாக வந்திருந்தது. அவள் பாடினாள். அவள் எப்படிப் பாடினாள் என்று நான் எழுதப்போவதில்லை, அதை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. பாடி முடித்ததும் நடுவரைக் காட்டினார்கள். வயதான மனிதர், பட்டு மேலங்கி.

“பாட்டு நல்லா இருந்திச்சு” என்றார் நடுவர். “ஆனா மன்னார்ப் பிள்ளை மேடைக்கு வந்ததும், கூடவே கருவாட்டு வாசமும் வந்திடுச்சு.” சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். மண்டபம் சிரித்தது. அறிவிப்பாளப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். கைலேஞ்சியை அவர் உடனே எடுக்கவுமில்லை. சிரிப்பு அடங்கும் மட்டும் வைத்திருந்தார்.

பிறகு பாடிய பிள்ளையைக் காட்டினார்கள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஓம் சேர். அந்தக் கருவாட்டை வித்துத்தான் என்ர அம்மா என்னைப் பஸ் ஏத்திக் கூட்டிக்கொண்டு வந்தவ. மணந்தா நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருங்கோ. நான் மற்றப் பாட்டைப் பாடுறன்.”

மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். விளம்பரம் வந்தது.

என் கணவர் கதிரையிலிருந்து எழும்பினார், திரும்ப இருந்தார். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வாய் திறந்தாத் தூசணம்தான் வரும், நான் திறக்கேல்ல” என்றார். அன்றிரவு மீனும் மச்சமும் இல்லாத வெள்ளிக்கிழமைச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம்.

சனிக்கிழமை காலை தகப்பன் வந்தார். அடித்துவைத்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் டிவிடி போடுகிற பெட்டி பழுதாகிக் கிடந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்து பாருங்கள் என்றேன்.

“பஸ் வருது அக்கா. ரவுணில ஸ்ரூடியோவில குடுத்து நாலு கொப்பி எடுக்கவேணும். லண்டனில மச்சாள், பிரான்சில தம்பி, எல்லாரும் கேக்கினம்.”

“தம்பி, அதில ஒரு கதை நடந்திருக்கு. நீங்கள் முதல்ல பாக்கிறது நல்லம்.”

“பிள்ளை நல்லாப் பாடினவளோ?”

“நல்லாப் பாடினவள்.”

“அது காணும்” என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து ஊர் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. மறுஒளிபரப்பு நண்பகலுக்கு. நானும் கணினியில் பதியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாடி முடித்தாள். நடுவர், “பாட்டு நல்லா இருந்திச்சு” என்றார். உடனே அவள் முகம். “மணந்தா நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருங்கோ.” உடனே அறிவிப்பாளப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிகிறாள். விளம்பரம்.

கைலேஞ்சி இல்லை. கருவாடு இல்லை. அவளுடைய அம்மா இல்லை. வெள்ளிக்கிழமை நடுவரின் பகிடிக்குச் சிரித்துக் குனிந்த அதே அறிவிப்பாளப் பெண்ணைத் தூக்கி, பிள்ளையின் பேச்சுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சிரிப்பின் சத்தத்தை எடுத்துவிட்டால் அது அதிர்ச்சியில் வாயைப் பொத்தியதாகத்தான் தெரியும். நல்லாயிருக்கிறது என்று சொன்ன ஒரு பெரிய மனிதரை, ஒரு காரணமும் இல்லாமல், மூக்கைப் பொத்தச் சொல்கிறாள் ஒரு பெட்டை. இதைச் செய்ய ஒருவன் உட்கார்ந்து, நேரம் எடுத்து, இந்த முகத்தை இங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்து வைத்திருக்கிறான். கல்லில் வெட்டிய பெயரைப் பிறகு வந்த அரசன் கொத்தி எடுத்த கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்களுக்கு உளியும் ஏணியும் வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

பின்னேரம் கிணற்றடியில் பேச்சு வேறாக இருந்தது.

“கோயில்ல முன்னுக்கு நிண்டு பாடுற வாயோ அது?”

“ரீவிக்குப் போனா உப்பிடித்தான். உடன வாய் நீண்டிடும்.”

“அந்த மனிசன் நல்லா இருக்கெண்டுதானே சொன்னது. என்னத்துக்கு உவளுக்கு அவ்வளவு தடிப்பு?”

நான் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி என்னைப் பார்த்து, “அக்கா, நாங்கள் எங்கட கண்ணாலயெல்லோ பாத்தனாங்கள்” என்றாள். அவர்கள் கண்ணால் பார்த்தது உண்மை. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆண்டவருடைய பாடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்ததும் உண்மை. எங்கள் ஊரில் இல்லாமல் வேறெங்காவது நடந்திருந்தால் நேரடியைப் பார்த்த நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

தாயும் மகளும் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாய் ஒளிபரப்பு மண்டபத்துக்கு வெளியே இருத்தப்பட்டிருந்ததால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. மகள் வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை பாடசாலையில் அதிபர் அவளைக் கூப்பிட்டார். தொலைக்காட்சியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசி, நடுவர் மனம் நொந்துபோயிருக்கிறார் என்றாராம். இது அதிபர் சொன்னது, நான் கேட்டதல்ல. ஒரு மன்னிப்புக் கடிதத்தை அதிபரே எழுதி வைத்திருந்தார். அவள் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அவளுக்கு நற்சான்றிதழ் தரமாட்டேன் என்றார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவள் ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். கடலும் கருவாடும் இல்லாத ஒரு சம்பளம்.

“நான் பிழை விடேல்ல சேர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வரை யோசிக்கத் தவணை கொடுத்தார்கள்.

இங்கேதான் தகப்பன் ஒரு வேலை செய்தார். ஞாயிறு இரவே நான் அவருக்குச் சொல்லியிருந்தேன், அந்த டிவிடியில் கைலேஞ்சி முதல் எல்லாம் இருக்கிறது, வெட்டாதது என்று. அவர் செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் ரவுணுக்குப் போய், ஸ்ரூடியோவில் கொப்பிகளை எடுத்து, அப்படியே பாடசாலைக்குக் கொண்டுபோய், “சேர், இதில உள்ளது முழுக்க இருக்கு. பாருங்கோ” என்று ஒன்றை அதிபரிடம் கொடுத்துவிட்டார். தான் பார்க்கவில்லை. பார்க்க வீட்டில் பெட்டி இல்லை.

அதிபர் அதை ஆசிரியர்களின் அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு எதுவானாலும் வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்ரூடியோக்காரருக்கு அதில் ஒரு வேலைமுறை இருக்கிறது. யார் காசு கொடுக்கிறாரோ அவருடைய ஆட்கள் தெரிகிற இடங்களை மட்டும் வைப்பார். அந்நியர், பேச்சு, நன்றியுரை எல்லாம் போய்விடும். பிறகு சுற்றிவரப் பூச்சட்டம், மேலிருந்து விழுகிற ரோசா இதழ்கள், இடைக்கிடை மெதுவாக அசைகிற முகம். கேட்டவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. தங்கள் ஆட்களைத்தானே அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

அவர் இதற்கும் அதையே செய்திருந்தார். அவள் பாடுகிறாள், இதழ்கள் விழுகின்றன. நடுவர் காசு கொடுத்தவருடைய ஆளில்லை, ஆகவே நடுவர் ஒரேயடியாக இல்லை. சட்டத்துக்குள் அவள் முகம் மட்டும். “ஓம் சேர்” என்பதற்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கும் மேல் இசை. பிறகு தெளிவாக, “மணந்தா நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருங்கோ.” இதழ்கள் விழுகின்றன.

ஆசிரியர் ஒருவர், “தகப்பனுக்கு இது பெருமையாம், பூப்போட்டுக் கொண்டந்திருக்கிறார்” என்றாராம். அந்த அறையிலிருந்த வேறொரு ஆசிரியை எனக்குச் சொன்னது இது.

அன்று பின்னேரமே தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனேன். வாசலில் ஒரு கழுதை மறித்துக்கொண்டு நின்றது. ஸ்ரூடியோக்காரர் அதை விரட்டிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“வாங்கோ அக்கா. அண்ணை, எப்பிடி வேலை? இதழ் விழுற அது புதுசு. இந்த மாசம்தான் இறக்கினனான்.”

“நடுவர் எங்க?” என்றேன்.

“எந்த நடுவர்?”

“பிள்ளையோட கதைச்ச மனிசன்.”

“ஆ, அவரோ. அவரை எடுத்துவிட்டனான். என்னத்துக்கு அவர்? லண்டனில இருக்கிறவை அவரைப் பாக்கவோ போகினம்?”

“அவர் சொன்னதைக் கேட்டனீங்களோ?”

“அக்கா, நான் கதை கேக்கிறேல்ல. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் வெட்டிறனான். கலியாண வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா எனக்கு விசராக்கிப்போடும்.”

தகப்பன் மெதுவாகச் சொன்னார். “தம்பி, நீர் பள்ளிக்கூடத்துக்கு வந்து இதைச் சொல்லும். நான்தான் வெட்டினனான் எண்டு. அது காணும் எனக்கு.”

ஸ்ரூடியோக்காரர் கணினித் திரைப் பக்கம் திரும்பினார். “அண்ணை, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு எல்லாம் நான்தான் அங்க எடுக்கிறது. அதிபரோட எனக்கு ஒரு கதையும் வேண்டாம். வேணுமெண்டா இன்னும் ரெண்டு கொப்பி சும்மா அடிச்சுத் தாறன்.”

தகப்பன் அந்த ஆளை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கையிலிருந்த மிச்ச மூன்று கொப்பிகளையும் மேசையில் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கிவிட்டு, வெளியே நடந்தார். நான் கொடுத்த மூலத் தட்டை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்.

புதன்கிழமை நான் அதிபரிடம் போனேன். வெள்ளிக்கிழமைப் பதிவையும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் எடுத்துப்போனேன். அவர் என்னை நூலகத்தில் அறிந்தவர், கதிரை தந்தார்.

“மிஸிஸ், ரீவியில வந்தது ஒண்டு. தகப்பன் தந்தது ஒண்டு. ரெண்டிலயும் நீங்கள் சொல்லுற விசயம் இல்லை. உங்கட சீடியில மட்டும் இருக்கு. உங்கட வீட்டில கொம்பியூட்டரும் இருக்கு. நான் என்ன நினைக்கிறது?”

“போட்டுப் பாருங்கோ சேர். பாத்திட்டு நினையுங்கோ.”

போட்டார். கைலேஞ்சி வந்தது. அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரையின் அடியில் ஓடுகிற செய்தி வரியைக் காட்டினேன். அது வெள்ளிக்கிழமை பின்னேரச் செய்தி. அடுத்த நாள் பத்திரிகையை மடித்துக் கொண்டுபோயிருந்தேன், அதையும் பக்கத்தில் வைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டு, மேடையின் பின்னால் தெரிகிற விளக்கைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை நடுவர் பகிடி விட்டபோது அது நீல நிறம். பிள்ளை பதில் சொல்லும்போது மஞ்சளுக்கு மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் மஞ்சளில் பேசுகிறாள், அறிவிப்பாளர் நீலத்தில் வாயைப் பொத்துகிறாள். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அதிபருக்கும் விளங்கியது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, “அந்த மனிசன் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். எழும்பத் தயாரானேன்.

“ஆனா கடிதம் வேணும் மிஸிஸ்.”

“ஏன்?”

“உண்மை வேற. நிர்வாகம் வேற. எங்கட கலைவிழாவை ரீவியில போடுறதுக்குப் பேசிவைச்சிருக்கிறன். முந்நூறு பிள்ளையளின்ர விசயம். ஒரு கடிதத்தால அது நடக்குமெண்டால் ஒரு கையெழுத்தில என்ன குறையப்போகுது?”

“பிழை விட்டது அவரெல்லோ சேர். அவர் எழுதட்டும்.”

“அவர் எழுதமாட்டார்” என்றார் அதிபர். மிகச் சாதாரணமாக, மழை வராது என்று சொல்வதுபோல.

அதுவரை எனக்கு இருந்த கோபம் வேறு. பொய் சொன்னவர்கள் மேல் வருகிற கோபம் அது. ஒரு வழி தெரியும் அதற்கு, சாட்சியைக் கொண்டுவந்து முன்னால் வைக்கலாம். நான் வைத்தேன். அவர் பார்த்தார், ஒத்துக்கொண்டார், பிறகு அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வந்த கோபத்துக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. இத்தனை வருடம் திகதி எழுதி, விளம்பரம் வெட்டாமல், உறை போட்டு அடுக்கியது எதற்கு என்று நான் அவரிடம் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தகப்பனும் மகளும் போனார்கள். தகப்பன் கேட்டதால் நானும் போனேன். அவர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதிபர் கடிதத்தை மேசையில் திருப்பி வைத்தார். சுருக்கமான கடிதம். ‘நான் மரியாதையின்றி நடந்துகொண்டமைக்கு’ என்று தொடங்கியது.

அவள் அதை எடுத்து முழுவதும் வாசித்தாள். பிறகு கேட்டாள். “சேர், அன்ரி கொண்டந்த சீடியைப் பாத்தனீங்களோ?”

“ஓம். பாத்தன்.”

“அப்ப அவர் என்ன சொன்னவர் எண்டு சேருக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறீங்கள்.”

அதிபர் பேனையை எடுத்து மேசையில் வைத்தார். தகப்பனைப் பார்த்தார். தகப்பன் கடலில் எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வருகிற மனிதர். அவர் அந்த மேசைக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், கதிரை இருந்தும் இருக்கவில்லை.

“போடு பிள்ளை” என்றார். “படிப்புத்தானே முக்கியம்.”

“அப்பா, நான் போட்டா அம்மா விக்கிறது நாத்தம் எண்டு நானே சொன்ன மாதிரி.”

“அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ போடு.”

அவள் போட்டாள். தன் முழுப்பெயரையும் எழுதி, அடியில் திகதியையும் போட்டாள். தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டாள். அது அலுவலகக் கடிதம், பிரதி தருவதில்லை என்றார் அதிபர். நற்சான்றிதழை அன்றே கையில் கொடுத்தார். அது முன்னமே தட்டச்சுச் செய்யப்பட்டு மேசை லாச்சிக்குள் இருந்தது. ‘பணிவும் ஒழுக்கமும் உடையவர்’ என்று இருந்தது அதில்.

வெளியே வந்ததும் தகப்பன் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். அவள் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவரிடம் நீட்டினாள். பஸ்ஸில் ஏறும்போது தகப்பன் என்னிடம், “அக்கா, அண்டைக்கு உங்கட வீட்டில இருந்து பாத்திருக்கலாம்” என்றார். அவர் ஸ்ரூடியோவுக்குக் கொடுக்காவிட்டாலும் முடிவு இதுதான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வது ஆறுதலா தண்டனையா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று அவள் பாடற்குழுவோடு நின்றாள், வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து ஆட்களோடு பின்வரிசையில் இருந்தாள். ஊர் அதையும் ஒரு தடிப்பு என்றுதான் சொன்னது. பிறகு ஆசிரியர் கல்லூரிக்குப் போனாள். இன்று வன்னியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். லீவில் வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். ஒருமுறை அந்தப் பதிவைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். “அன்ரி, அது உங்களுக்கு. எனக்கு நடந்தது தெரியும்” என்றாள். அவளுக்கு ஆறிவிட்டதுபோல இருந்தது. இருக்கட்டும். ஆறாமல் வைத்திருக்க ஒருவராவது வேண்டும்.

கலைவிழாவைப் படமெடுக்கத் தொலைக்காட்சியிலிருந்து யாரும் வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. அதன் பிறகுதான் எனக்கு வேறொரு சந்தேகம் பிடித்தது. அந்தத் தொலைக்காட்சியில் வேலை செய்து விலகிய ஒருவரை ஒரு கலியாண வீட்டில் கண்டு விசாரித்தேன். மன்னாரிலிருந்து அப்படி ஒரு மன்னிப்புக் கடிதம் வந்ததாகத் தான் கேள்விப்படவேயில்லை என்றார். ஆனால் அவர் அங்கே சேர்ந்தது அந்தப் போட்டி முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு. ஆகவே அவருடைய சொல்லை நான் சாட்சியாக எடுக்கவில்லை. அதிபர் ஓய்வுபெற்றுப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. பாடசாலைக் கந்தோரில் கேட்டேன், அந்தக் காலத்து அனுப்புகைப் பதிவு வெள்ளத்தில் நனைந்து எறியப்பட்டது என்றார்கள்.

அந்தக் கடிதம் அனுப்பப்பட்டதா, அல்லது அவள் கையெழுத்திட்ட அன்றே லாச்சிக்குள் போய் அங்கேயே கிடந்து போனதா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை.